புதுக் குழலைப் பழக்குதல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடவில்லை, சுட்டேன். அதனால் கோணல் என்று சொல்ல எனக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குழல்.

துப்பாக்கியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 1949-ல் செய்தது, போல்ட் என்கிற தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா போடும் துப்பாக்கி, என்னைவிட ஒன்பது வயது மூத்தது. அதன் தோட்டா என் சுண்டுவிரலைவிட மெலிசு. ஹார்னெட் என்று பெயர், அதாவது குளவி. போன வசந்தத்தில் ஒரு ஜோடி கயோட்டிகள் மேல் ஐந்து முறை அந்தக் குளவியை ஏவினேன். ஐந்து முறையும் அது எங்கள் டகோட்டா மண்ணைக் கொட்டிவிட்டு வந்தது. கயோட்டி ஒருமுறை நின்று, புழுதி கிளம்பிய இடத்தை மோந்துகூடப் பார்த்தது.

கயோட்டி நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு, இரண்டையும்விடப் புத்திசாலி. எங்கள் பக்கத்தில் ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும். அது கயோட்டிக்கும் தெரியும். போன வருஷம் வெர்லாவின் குட்டிகளில் பதினொன்று போனது.

வெர்லா என் மனைவி. ஆடுகள் அவளுடையவை. என்னுடையவை என்று நான் சொன்னால் ஆடுகளே சிரிக்கும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துப் பண்ணைக்காரர் பிழைக்காது என்று ஒதுக்கிய மூன்று குட்டிகளை அவள் சமையலறை அடுப்போரத்தில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். இன்றைக்கு எண்பத்துநாலு தாயாடுகள். நான் மாவட்டச் சாலையில் மண் நிரவும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். எனக்கு எல்லா ஆடும் ஒரே மூஞ்சிதான். அவளுக்கு ஒவ்வொன்றின் பாட்டி முகமும் தெரியும்.

"அடுத்த வருஷமும் பத்துக்கு மேல போச்சுன்னா, மந்தையை லாரி ஏத்திடுவேன் லோவெல். என்னால இதுங்க கத்தறதைக் கேக்க முடியல." போன மே மாதம் சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

அந்த ஐந்தாவது குண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுபது கெஜம். கயோட்டி பக்கவாட்டில் நின்றது, சுவரில் மாட்டிய படம் மாதிரி. வெர்லா என் பின்னால் தொலைநோக்கியோடு நின்றிருந்தாள். தகர டப்பாவை நான் இருநூறு கெஜத்தில் அடிப்பேன். ஆனால் கயோட்டியைக் கண்டால், அதுவும் வெர்லா பார்த்துக்கொண்டிருந்தால், என் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். விசையை அழுத்த வேண்டும் என்பார்கள். நான் பசுவின் காம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தேன். புழுதி கிளம்பியது. கயோட்டி போய்விட்டது.

நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து வெர்லா மெதுவாகக் கேட்டாள்.

"குழல் தேஞ்சு போயிருக்குமோ?"

கவனியுங்கள், குழலை முதலில் குற்றம் சொன்னது நான் இல்லை. அவள் இரக்கப்பட்டு ஒரு கயிறு வீசினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் தொங்கினேன்.

"ஆமா, நானும் அதையேதான் நெனச்சேன்" என்றேன்.

செப்டம்பரில் எமில் சோரமிடம் போனேன். தானியக் களஞ்சியத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் துப்பாக்கி வேலை செய்பவன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான். குழலுக்குள் விளக்கு விட்டுப் பார்த்தான். பிறகு கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் காகிதம் ஒட்டி மூன்று முறை சுட்டான். காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, அதன்மேல் ஒரு கால் டாலர் காசை வைத்தான். மூன்று ஓட்டையும் காசுக்கு அடியில் மறைந்துவிட்டன.

"குழல்ல ஒண்ணும் இல்லப்பா. இன்னும் நம்ம ரெண்டு பேரையும் பொதைச்சிட்டு வந்து சுடும்."

"புதுசு போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடேன்."

எமில் தன் அலமாரியைக் காட்டினான். வரிசையாகத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்ச்சீட்டு.

"இதுல பாதி ரிப்பேருக்கு வந்ததில்ல லோவெல். ஒளிஞ்சுக்க வந்தது."

அவன் பென்சிலை எடுத்தான். "சரி. எத்தனை அங்குலம் வேணும்?"

அந்தக் கேள்வி எனக்கு ஒரு முழுக் குளிர்காலத்தைப் பரிசாகக் கொடுத்தது. இருபத்திரண்டு அங்குலமா, இருபத்துநாலா? உள்ளே புரி ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்றா, பத்துக்கு ஒன்றா? கருநீலப் பூச்சா, வெறும் எஃகா? வாராவாரம் எமிலுக்குப் போன் செய்து முடிவை மாற்றினேன். கடைசியில் துளையின் அளவையே மாற்றச் சொன்னேன்: இருபத்திரண்டாம் நம்பர் துளைக்குப் பதில் பதினேழாம் நம்பர். அதே குளவிதான், இன்னும் மெலிசான கொடுக்கு, இன்னும் வேகம். எமிலின் லேத் என்னால் மூன்று முறை நின்றது.

"அந்த கயோட்டி என்ன, டேப்பு வெச்சு அளந்து பாத்துட்டா சாகப்போகுது?" என்றாள் வெர்லா. கேலிதான். ஆனால் நம்பிக்கையோடு செய்த கேலி. அதுதான் என்னைக் கொன்றது.

அவள் உண்மையிலேயே நம்பினாள். ஊர்க் காப்பிக்கடையில் மிளகாய்க் கறியும் இனிப்பு ரொட்டியுமாக உட்கார்ந்திருக்கும் கும்பல் எங்களைக் கண்டால் விடாது. "லோவெல், கயோட்டி உன்னை விசாரிச்சுது. கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பணுமாம், விலாசம் கேட்டுது!" வெர்லா என் பக்கம் நின்று சண்டை போட்டாள்: "குழல் தேஞ்சுபோச்சுன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? நீங்க மட்டும் தேஞ்ச டயர்ல ஓட்டுவீங்களா?" ஜனவரியில் அவள் தம்பி மைலோ போன் செய்தான். நல்ல வேட்டைக்காரன். ஏப்ரலில் வந்து பத்து நாள் தங்கிக் கயோட்டிகளைத் தீர்த்துவிட்டுப் போகிறேன் என்றான். "வேணாம்டா, லோவெலுக்குப் புதுக் குழல் வருது" என்றாள் வெர்லா. நான் அதே அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். ஒரே செய்தியைப் பத்து முறை படித்திருப்பேன்.

பிப்ரவரியில் அவளே எமிலுக்கு ஜூன்பெர்ரிப் பழம் வைத்த அப்பம் சுட்டு எடுத்துப் போனாள், சீக்கிரம் முடிக்கட்டும் என்று. எமில் அப்பத்தையும் விழுங்கினான், உண்மையையும் விழுங்கினான்.

மார்ச் கடைசியில் துப்பாக்கி வந்தது. பழைய உடம்பு, புதுக் குழல். கிழவனுக்குப் பல்செட் கட்டின மாதிரி பளபளப்பு. ஏப்ரல் முதல் வாரம் குட்டிகள் விழத் தொடங்கின. நான் சுடவில்லை. ஏனென்றால் புதுக் குழலைப் பழக்கவேண்டும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குள் இது ஒரு மதம். புதுக் குழலுக்குப் பிள்ளை பெற்றவள்போலப் பத்தியம் உண்டு. ஒரு குண்டு சுடு, துடை. இன்னொன்று சுடு, துடை. இப்படிப் பத்து முறை. பிறகு மூன்று சுட்டுத் துடை, இப்படி ஐந்து முறை. துடைப்பதென்றால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, கம்பி நுனியில் மருந்து நனைத்த துணியைக் குத்தி, பின்பக்கமிருந்து முன்பக்கம் தள்ளுவது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். எமில் வேண்டாம் கட்சி. "நானே தேச்சு வழுவழுப்பாக்கிட்டேன், போய்ச் சுடு" என்றான். நான் அந்த நிமிஷமே தீவிரமான வேண்டும் கட்சியில் சேர்ந்தேன். துடைக்கிற மருந்தைத் தபாலில் வரவழைத்தேன். அது வர இரண்டு வாரம். அதற்குள் பத்துக் குட்டிகள் போய்விட்டன.

ஒவ்வொரு காலையும் வெர்லா வேலியோரம் நடந்து எண்ணிவிட்டு வருவாள். எண்ணிக்கையைச் சொல்லமாட்டாள். பூட்சைக் கழற்றும் விதத்திலேயே தெரியும்.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை மேய்ச்சல் வேலியோரம் மேசை போட்டு, மணல்மூட்டை வைத்து உட்கார்ந்தேன். குழலைப் பழக்கிக்கொண்டே காவலும் காக்கலாம் என்று வெர்லாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். தாய் சேர்க்காத இரண்டு குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தபடி என்னிடமிருந்து நாற்பது அடி தள்ளி நின்றாள்.

ஒன்று சுட்டேன், துடைத்தேன். இரண்டு, மூன்று, நான்கு. காகிதத்தில் குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. காகிதத்திடம் எனக்கு எப்போதும் பயம் இல்லை. ஆறாவது குண்டு சுட்டு, போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, கம்பியை உள்ளே தள்ளினேன். பாதியில் இறுகி நின்றுவிட்டது.

துளை பதினேழாம் நம்பர். நான் குத்தியிருந்தது பழைய இருபத்திரண்டாம் நம்பர் துணி. அதுவரை புதுத் துணியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அது தீர்ந்ததும் கைக்கு வந்த பழைய டப்பாவைத் திறந்திருக்கிறேன். பிள்ளையின் செருப்பில் அப்பன் காலை நுழைத்த கதை. இழுத்தேன், வரவில்லை. தள்ளினேன், போகவில்லை.

அப்போதுதான் கயோட்டி மேய்ச்சலை ஒட்டிய ஓடைப்பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. வெடிச்சத்தம் கேட்டால் வராது என்று நினைப்பீர்கள். ஆறு வெடியைக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பத்து நிமிஷம் இந்தக் கிழவன் கம்பியோடு மல்லுக்கட்டுவான் என்று கணக்குப் போட்டிருக்கும். ஓடிவரவில்லை. நடந்து வந்தது. கடைக்கு வந்த மாதிரி.

"லோவெல்! அங்க பாரு! சுடு!"

துப்பாக்கியின் பின்பக்கம் இரண்டடிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. போல்ட் என் சட்டைப்பையில்.

"சுடுய்யா!"

"கம்பி! கம்பி சிக்கிருச்சு!"

வெர்லா புட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் கம்பி செருகிய துப்பாக்கியோடு ஓடினேன். பார்ப்பவர்களுக்கு நான் எதையோ சுட்டுத் தின்னத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலிருந்திருக்கும். கயோட்டி ஓரத்திலிருந்த ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வி, எங்களைத் திரும்பிப் பார்த்து, பள்ளத்தில் இறங்கிவிட்டது. தாயாடு அங்கேயே நின்று கத்தியது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கயோட்டியைக் கண்ணால் பார்த்து, இந்தத் துப்பாக்கி இப்போது சுடாது என்று புரிந்த அந்த நொடியில், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, தப்பவிட வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் குட்டி கண்ணில் பட்டது.

வெர்லா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். என் தோளைத் தட்டினாள்.

"கம்பி சிக்கினா நீ என்ன பண்ணுவே. விடு."

அன்று மத்தியானம் லாரிக்காரன் டெல்பர்ட்டுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை வரச்சொன்னாள். பேசி முடித்துவிட்டுச் சமையலறையில் சும்மா நின்றாள். எதையாவது சொல், மடையா, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். "மத்தியானத்துக்கு என்ன?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

வியாழக்கிழமை டெல்பர்ட் லாரியைப் பட்டியோரம் நிறுத்திச் சரிவுப்பலகையை இறக்கினான். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். தாய்களும் குட்டிகளுமாக ஆடுகளை ஏற்ற ஆரம்பித்தோம். வெர்லா பலகையோரம் நின்று ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டு அனுப்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாதி மந்தை ஏறியிருக்கும். டெல்பர்ட் கேட்டான்: "புதுக் குழல் போட்டும் ஒண்ணும் நடக்கலியா வெர்லா?"

"அவன் மேல தப்பில்ல டெல்பர்ட். பழைய குழல் காலை வாரிருச்சு. புதுசுல கம்பி மாட்டிக்கிச்சு. நல்லா சுடறவன்தான். நேரம் சரியில்ல."

நான் வாயைத் திறந்ததற்கு அவள் அதைச் சொன்ன குரல்தான் காரணம். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

"குழல்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

"என்னது?"

"பழைய குழல் நல்லாத்தான் இருந்துச்சு. எமில் செப்டம்பர்லயே சுட்டுக் காமிச்சான். அஞ்சையும் நான்தான் தப்பவிட்டேன். கயோட்டியைப் பாத்தா எனக்குக் கை நடுங்குது வெர்லா. நீ பாத்துக்கிட்டு நின்னா இன்னும் மோசம். மறுபடி தப்பவிடப் பயந்துக்கிட்டு அந்தத் துப்பாக்கியை எமில்கிட்டத் தள்ளினேன். அங்க இருக்கற வரைக்கும் நான் சுடவேண்டியதில்ல."

டெல்பர்ட் தன் பூட்சைப் பார்த்தான். வெர்லாவின் கை ஓர் ஆட்டின் முதுகில் அப்படியே நின்றது.

"செப்டம்பர்லயா?"

"ஆமா."

"எமிலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் அப்பத்தைத் தின்னானே அந்த ஆளு!" பிறகு குரல் இறங்கியது. "மைலோவை வரவேணாம்னு சொன்னேன். உன் முன்னாலதான் சொன்னேன். காப்பிக்கடைல உனக்காகச் சண்டை போட்டேன். பதினோரு குட்டி லோவெல். நான் நம்பினேன்யா."

அறுபத்தோரு வயதில் வெட்கம் முகத்தில் சூடாக ஏறும் என்று நான் நினைத்ததில்லை. ஏறியது.

அவள் பள்ளத்தின் பக்கம் பார்த்தாள். பிறகு, ஏதோ கணக்குப் பார்க்கிறவள்போலக் கேட்டாள்.

"இந்த வருஷம் அதுங்க மேல எத்தனை தடவை சுட்டே?"

"ஒரு தடவைகூட இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்ல."

"என்ன பண்ணியும் முடியலன்னு நெனச்சுத்தான் நான் விக்கறேன்." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "யாரும் ஒண்ணும் பண்ணவே இல்லியே! அதுங்க ஜெயிக்கவே இல்ல. எதிர்ல ஆளே நிக்கல." டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். "இறக்கு."

"எதை?"

"ஆட்டைத்தான். எல்லாத்தையும் இறக்கு."

ஏற மறுத்த ஆடு இறங்கவும் மறுக்கும். நாற்பதுக்கு மேற்பட்ட தாயாடுகளை நானே உள்ளே போய் ஒவ்வொன்றாக இழுத்து இறக்கினேன். வெர்லா உதவவில்லை. டெல்பர்ட் உதவ வந்தபோது, "அவன் செய்யட்டும்" என்றாள். என் முழங்கால் இரண்டும் சாட்சி.

கடைசி ஆடு இறங்கியதும் என் முன்னால் வந்து நின்றாள். இடையில் வீட்டுக்குள் போய் மைலோவோடு பேசியிருக்கிறாள்.

"மைலோ சனிக்கிழமைதான் வருவான். அதுவரைக்கும் நீ. விடியக்காலைல போய் அந்த மேசைல உக்காரு. பட்டாலும் சரி, படாட்டாலும் சரி, சுடு. நான் உன் பின்னால வந்து நிக்கமாட்டேன்."

"நீ நின்னதால இல்ல..."

"அதனாலதான். நீதானே சொன்னே." அதோடு போய்விட்டாள். அன்று இரவு சாப்பாடு தட்டில் இருந்தது, பேச்சு இல்லை.

மறுநாள் விடியலில் வேலியோரம் உட்கார்ந்தேன். சிக்கிய கம்பியை எமில் புதன்கிழமையே எடுத்துக் கொடுத்திருந்தான். துணியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சூரியன் கிழக்கே இருக்கும் தட்டைமலைக்கு மேல் வந்து கொஞ்ச நேரத்தில் கயோட்டி பள்ளத்திலிருந்து தலையை நீட்டியது. நெஞ்சு வழக்கம்போலத் தொண்டைக்கு வந்தது. அது ஒரு குட்டியை நோக்கி நாலடி வைத்தது. நான் சுட்டேன்.

அதன் தலைக்கு மேலே, பின்னாலிருந்த கரையில் மண் தெறித்தது. கயோட்டி ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து பள்ளத்தில் பாய்ந்தது. அந்தப் பக்கக் கரையேறி, திரும்பிப் பார்க்காமல், தட்டைமலைப் பக்கம் ஓடியது. குட்டி தாயிடம் ஓடி முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தது.

வெர்லா வீட்டு வாசலில் இருந்தாள். இருநூறு அடி தள்ளி, எனக்கு முதுகு காட்டியபடி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம்.

"பட்டுச்சா?" திரும்பாமலே கத்திக் கேட்டாள்.

"இல்ல!" என்று கத்தினேன். "ஒரு அடி மேல போச்சு!"

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் திரும்பினாள், குட்டிகளை எண்ணினாள், உள்ளே போனாள். நான் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவைப் போட்டேன்.